பத்து லிட்டர் யூரியாத் தண்ணீர்

அம்சவேணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டால் கையைத்தான் விரிப்பாள். ஆனால் தேவர்சோலைப் பக்கம் புதிதாக ஓட ஆரம்பித்த அந்த வெள்ளை டீசல் பிக்கப்பின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது அவள் பேர்தான். ஓட்டியவன் அவள் தம்பி தினேஷ்குமார். பதினாறு வருஷம் ஊரான் வண்டியை ஓட்டி, ஊரானிடம் திட்டு வாங்கி, "என்னிக்காவது நமக்குன்னு ஒரு வண்டி வேணுமக்கா" என்று குடித்துவிட்டு வந்து அழுதவன்.

அந்த அழுகைக்குத்தான் அவள் விழுந்தாள். தாய் இல்லாத பிள்ளையை மூன்று வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? புருஷன் போய்ப் பதினோரு வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இருந்ததெல்லாம் இருபத்தாறு வருஷ எஸ்டேட் வேலையும் இந்தத் தம்பியும்தான். ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி இருக்கும்போதே வேலையை எழுதிக் கொடுத்தாள். வந்த செட்டில்மென்ட்டை அப்படியே முன்பணமாகக் கட்டினாள். பெண்கள் பேரில் வாங்கினால் கடனுக்கு மானியம் உண்டென்று பேங்கில் சொன்னார்கள். வேலையை விட்டால் எஸ்டேட் லைன் வீட்டையும் விட வேண்டும் என்பது சட்டம். அதையும் காலி செய்துவிட்டு, இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்த சசிகலாவின் தோட்டத்து ஓரத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

"ஏனக்கா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கவர்மென்ட்டு உத்தியோகமாட்ட மாசாமாசம் வந்துட்டிருந்ததை விட்டுட்டு..." என்று சசிகலாவே கேட்டாள்.

"இருக்கட்டும் சசி. இனிமே ஒருத்தன் பேர் கூப்புட்டு, நான் உள்ளேனய்யா சொல்ல மாட்டேன். அது போதும் எனக்கு."

வண்டிக்கு வேலை என்னவென்றால், மேலே இருந்த இரண்டு ஊர்களின் நாற்பது சிறு விவசாயிகள் பறிக்கிற பச்சைத் தேயிலையைத் தினமும் வாங்கி, நிறுத்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் கருணாகரன். அவனிடம் இரண்டு ஓட்டைப் பழைய வண்டிகள். வாரத்துக்கு இரண்டு நாள் ஏதாவது ஒன்று வழியில் படுத்துக்கொள்ளும். தேயிலை என்பது பறித்த பிறகும் மூச்சு விடுகிற பண்டம். சாக்குக்குள்ளேயே மணிக்கணக்காகக் கிடந்தால் சூடேறிச் சிவந்து போகும், பிறகு அது தேயிலை இல்லை, குப்பை. தொழிற்சாலை மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த சீசன் மட்டும் பார்ப்போம், சாயங்காலம் ஆறு மணிக்குள் இலை சூடேறாமல் வந்துகொண்டே இருந்தால் இலை ஏற்றுகிற லைன் நிரந்தரமாக உங்களுக்கு, ஒரு லோடு கெட்டாலும் பழையபடி கருணாகரனுக்கே.

ஆகவே வண்டி ஓடியாக வேண்டும். ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. அம்சவேணிக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

வண்டியோடு தமிழில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். தினேஷ்குமார் அதை டேஷ்போர்டுக்குள் எறிந்தவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீசல் வண்டியில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்பது அவன் நினைப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்சவேணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். பேனாவால் கோடு போட்டாள். புரியாததை மூன்று தரம் வாய்விட்டு வாசித்தாள். இலை நிறுப்பதற்காகத் தினமும் அவளும் வண்டியில் போவாளா, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு தொணதொணப்பு ஆரம்பித்துவிடும்.

"தினேசு, மலை ஏறி வந்த உடனே சாவியைத் திருகாதே. ஒரு நிமிசம் சும்மா ஓட விட்டு அப்புறம் நிறுத்தோணும். உள்ள ஏதோ டர்போ சூடா இருக்குமாம்."

"சரிக்கா."

"இறக்கத்துல நியூட்ரல்ல விடறியே, அது கூடாதாம்."

"அக்கோவ், இது வண்டியா, இல்ல ஊட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையா? இத்தனை உபசாரம் பண்றே?"

அவன் சிரிப்பான். அவளுக்கும் சிரிப்பு வரும். அந்த முதல் இரண்டு மாதம் இருந்ததே, அதை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும். பையன் ஓடிவந்து, "எவ்வளவுங்க ஓனரம்மா?" என்பான். வாழ்நாளில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்து, பிறகுதான் லிட்டர் சொல்வாள். வருவதில் டீசல், தவணை போக மிச்சத்தை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். "நம்ம வண்டி, நம்ம வண்டி" என்று தினேஷ்குமார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இந்தக் காலத்து டீசல் வண்டிக்கு டீசல் மட்டும் போதாது. டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல நிறத்தில் இன்னொரு மூடி இருக்கும். அதில் டெஃப் என்று ஒரு தண்ணீரை ஊற்ற வேண்டும். புகைக்குழாயில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புகையின் விஷத்தை முறிக்குமாம். அது தீர்ந்தால் வண்டி தானே எச்சரிக்கும். எச்சரித்தும் ஊற்றாவிட்டால், இத்தனை கிலோமீட்டர்தான் ஓடுவேன், பிறகு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று கணக்குச் சொல்லி நின்றுவிடும். கழுதை கூட அப்படி முரண்டு பிடிக்காது.

ஆனி மாதம். மழை பிடித்துக்கொண்டது. செடியெல்லாம் தளதளவென்று துளிர்த்து, ஆளுக்கு நாலு சாக்கு இலை வந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போன தினேஷ்குமாரிடம் இரண்டு கேன் டெஃப் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவன் கூட்டாளிகளோடு பைக்காரா ஏரி பார்க்கப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். "அட, மறந்தே போச்சுக்கா. புதன்கிழமை பார்த்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமை நடுவட்டத்துக்கு மேலே மண் சரிந்து ஊட்டி ரோடு அடைத்துக்கொண்டது. கூடலூரில் அதை விற்கிற ஒரே கடையில் கேட்டால், "லோடு ஊட்டியிலிருந்துதான் வரணும் சேச்சி" என்றான் மலையாளிக் கடைக்காரன். புதன்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர்.

"எரும மாடே! எத்தனை தடவை சொன்னேன்? ரெண்டு கேனு. ரெண்டே ரெண்டு கேனு வாங்கிட்டு வர உனக்கு வலிக்குதா?" அம்சவேணி நடுரோட்டில் கத்தினாள்.

தினேஷ்குமார் தலையைச் சொறிந்தான். அண்ணாந்து மழையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அந்தத் தண்ணியில அப்படி என்னதான்க்கா இருக்குது? உன் புத்தகத்துல போட்டிருக்குமே, பாரு."

அவள் பார்த்தாள். போட்டிருந்தது. நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த நீர். இவ்வளவுதான்.

அம்சவேணி அந்த வரியை இரண்டாம் தரம் படித்தபோது அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. யூரியாவா? எஸ்டேட்டில் உரம் போடுகிற கோஷ்டியில் எட்டு வருஷம் இருந்தவள் அவள். இலைமேல் தெளிக்க யூரியாக் கரைசல் கலக்குவதென்றால் மேஸ்திரி அவளைத்தான் கூப்பிடுவார். அவள் கலக்கினால் இலை கருகாது, வீரியமும் குறையாது. தராசு இல்லாமல் கையால் அள்ளி இது அரைக் கிலோ என்பாள், போட்டுப் பார்த்தால் அரைக் கிலோ இருக்கும். கார் கம்பெனிக்காரனுக்கு வேண்டுமானால் இது பெரிய விஷயமாக இருக்கலாம், அவளுக்கா?

"நீ கலக்கினா ஷோரூம்காரன் சரக்கை விட நல்லாவே இருக்கும். உன் கைக்கு வருமா அவன் கை?" என்றான் தம்பி. அவனுக்கு இதெல்லாம் நன்றாக வரும்.

சசிகலா வீட்டில் மூட்டை இருந்தது. அம்சவேணி ஒன்றையும் அலட்சியமாகச் செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வரச் சொன்னாள். எலெக்ட்ரானிக் தராசில் மூன்று கிலோ இருநூற்றைம்பது கிராம் யூரியா. ஆறே முக்கால் லிட்டர் தண்ணீர். கழுவிக் காய வைத்த பக்கெட்டில் போட்டுக் கரைத்தாள். யூரியா கரையும்போது தண்ணீர் ஐஸாகக் குளிரும். விரல் மரத்துப் போகும்வரை விடாமல் கலக்கினாள். மேலே மெல்லிசாக எண்ணெய்ப் படலம் மினுங்கியது. அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, வெள்ளை வேட்டியை நாலாக மடித்து மூன்று தரம் வடிகட்டினாள்.

"என்னக்கா, வேப்பெண்ணெய் வாசம் வருது?" என்று சசிகலா மூக்கைச் சுளித்தாள்.

"இப்ப வர்ற யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசினதுதானே. மூட்டையிலயே எழுதியிருக்கானே."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாதே?"

"வேப்பெண்ணெய் யாருக்கு என்ன கெடுதல் பண்ணிருக்கு? போவியா." அம்சவேணி சிரித்தாள்.

நீல மூடியைத் திறந்து புனலை வைத்துத் தன் கையாலேயே ஊற்றினாள். தினேஷ்குமார் சாவியைத் திருப்பினான். விளக்கு கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு அணைந்தது.

அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அக்காளும் தம்பியும் மழையில் நின்று குதிக்காத குறை. அன்றைக்கு இலை ஐந்தரை மணிக்கே தொழிற்சாலையில் இறங்கியது. மறுநாளும் அப்படியே. இதோடு விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். நாலாம் நாள் ரோடு திறந்தது, கடையில் நீலக் கேன் வரிசையாக அடுக்கியிருந்தது. ஆனால் யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாமே, அந்தக் கணக்கை அவளும் பார்த்தாள். "தண்ணியைக் கேன்ல அடைச்சு விக்கிறான் பாரு, கொள்ளைக்காரன்" என்றாள். வாரத்துக்கு ஒரு பக்கெட் கலக்குவது வழக்கமாகிவிட்டது. இலை நிறுக்கிற ஷெட்டில் நாலு பேர் இருக்கும்போது அதைச் சொல்லிப் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

கருணாகரன் காதுக்கு அது போயிற்று. ஒரு நாள் அவன் தன் ஓட்டை வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, மலையாளம் கலந்த தன் தமிழில் சொன்னான்.

"சேச்சி, ஒரு காரியம் சொல்லட்டே? அந்தச் சாதனம் வீட்டுல கலக்க வேண்டாம் கேட்டோ. நிலம்பூர்ல என் மச்சான் லாரி ஒண்ணு இப்படித்தான் போச்சு. உர யூரியா வேற, வண்டி யூரியா வேற."

அம்சவேணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். லைனைப் பறிகொடுத்தவன், நாள் தவறாமல் நல்லபடியாக இலை போய்ச் சேருவதைப் பார்த்து வயிறெரிந்து வந்து நிற்கிறான் என்றுதான் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

"எங்க வண்டியைப் பத்தி எங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க உங்க வண்டி வழியில படுக்காம பார்த்துக்குங்க" என்றாள். தினேஷ்குமார் விசிலடித்தான். கருணாகரன் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். பொய் சொல்லும் வாய் என்று நினைத்திருந்த வாயிலிருந்து அன்று ஒரே ஒரு உண்மை வந்தது, அதை அவள் காறித் துப்பி அனுப்பினாள்.

ஆடி பிறந்து இரண்டாம் வியாழன். வண்டி நிறைய ஆயிரத்து இருநூறு கிலோ இலை. தொழிற்சாலைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர், அதில் பாதி ஏற்றம். முதல் வளைவிலேயே சிவப்பு விளக்கு எரிந்து கூவ ஆரம்பித்தது. தினேஷ்குமார் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினான். என்ஜின் உறுமியது, ஆனால் இழுக்கவில்லை. இருபது, பதினைந்து, பத்து. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனான். தோளில் கொழுந்துக் கூடையோடு நடந்துபோன பெண்கள்கூட வண்டியைத் தாண்டிப் போனார்கள்.

"என்றா ஆச்சு? தினேசு, என்றா?"

"தெரியலைக்கா! மிதிக்கிறேன், போக மாட்டேங்குதே!"

மூன்றாம் வளைவில் முழுசாக நின்றது. வேறு வண்டிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். சீசன் நேரம், சும்மா நிற்கிற வண்டி எங்கே கிடைக்கும்? ஐந்து மணி ஆயிற்று. ஆறு ஆயிற்று. அம்சவேணி பின்னால் ஏறி ஒரு சாக்கின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். ஜுரம் அடிக்கிற பிள்ளையின் வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது. சாக்கு சாக்காக அவிழ்த்துக் கொட்டி, இரு கையாலும் கிளறிக் காற்றாட விட்டாள். மழை இலைமேல் விழுந்தது. அதைத் தடுக்கத் தார்ப்பாயை இழுத்தால் உள்ளே புழுங்கியது. இழுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அங்கேயே நின்று ஓவென்று அழுதாள்.

ஏழரை மணிக்கு ஒரு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தபோது, தொழிற்சாலையில் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "குழியில கொட்டிருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். நாற்பது குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு. அவளே நின்று கொட்டினாள்.

ஊட்டியில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மோசஸ் என்று ஒரு சூப்பர்வைசர். நல்ல மாதிரி மனிதர். இருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு தட்டில் சில சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளையாக உப்பு பூத்து, பிசுபிசுவென்று பழுப்பாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்த சின்ன ஃபில்டர். வாய் அடைத்த ஊசி மாதிரி ஒரு குழாய். மோசஸ் அதை மோந்து பார்த்தார்.

"இது வேப்பெண்ணெய் வாசமில்லையா? யாருங்க இதை டெஃப் டேங்க்ல ஊத்துனது?"

அம்சவேணி வாயைத் திறப்பதற்குள் தினேஷ்குமார் முந்திக்கொண்டான்.

"ஓனருங்க சார். இவங்கதான். நான் அப்பவே வேண்டாம்னு சொன்னனுங்க. நான் சம்பளத்துக்கு ஓட்டறவன், சொன்னா எடுபடுமா சார்?"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. டீக் கிளாஸின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையை ஆட்டிக்கொண்டிருந்தான். சம்பளமா? ஒரு மாதமாவது அவனுக்குச் சம்பளம் என்று கொடுத்திருக்கிறாளா அவள்? உன் கைக்கு வருமா அவன் கை என்று சொன்ன வாய்தானா இது? மூன்று வயதில் பசிக்கிறது என்று அழுத வாய், வண்டி வேண்டும் என்று அழுத வாய். அட பாவி, நாம் இரண்டு பேருமாகத்தானடா செய்தோம் என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. கேட்டால் அந்த நல்ல மனிதர் முன்னால் அக்காளும் தம்பியும் நாய் மாதிரி கடித்துக்கொள்ள வேண்டும்.

"ஆமாங்க. நான்தான் கலக்கி ஊத்தினேன்" என்றாள்.

மோசஸ் பெருமூச்சு விட்டார். "உரத்துக்கு வர்ற யூரியாவுல எண்ணெயும் கசடும் இருக்கும்மா. மண்ணுக்கு அது நல்லது, இதுக்கு விஷம். ஊசி, பம்ப், டேங்க், சைலன்சருக்குள்ள இருக்கற பெரிய ஃபில்டர், எல்லாமே மாத்தணும். வேற பண்டத்தை ஊத்தினதால வாரன்டியும் கிடைக்காது. ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட வரும்." அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். உரிமையாளர் என்று அச்சடித்த இடம்.

பஸ்ஸில் திரும்பினார்கள். நடுவட்டம் தாண்டியதும் தினேஷ்குமாரே தொடங்கினான்.

"கோவிச்சுக்காதேக்கா. உன் பேர்ல தப்புன்னு எழுதினா உனக்கு வாரன்டிதான் போகுது. என் பேர்ல எழுதினா, நாளைக்கு எவன் என்னை நம்பி வண்டி குடுப்பான்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எவனோ கொடுக்கப்போகிற வண்டியைப் பற்றி அவன் அப்போதே யோசித்துவிட்டான் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

லைன் கருணாகரனுக்கே திரும்பிப் போயிற்று. அவன் பழைய வண்டிகளை விற்றுவிட்டு, அவளுடையது மாதிரியே ஒரு புது வண்டியை எடுத்தான். ஓட்ட ஆள் வேண்டுமே? புது மாதிரி வண்டி ஓட்டிப் பழகிய டிரைவர் அந்தப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். பதினைந்து நாளில் தினேஷ்குமார் அதில் உட்கார்ந்துவிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் இலை ஷெட் இலை ஷெட்டாக நின்று, "எங்கக்கா உரத்தைக் கரைச்சு ஊத்திடுச்சுங்க, நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வந்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சின்னப் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால், "வேப்பெண்ணெய் ஓனரம்மா" என்று கிசுகிசுத்தன.

நாற்பது வீட்டுக்கும் அவள் தனியாக நடந்து போனாள். கெட்டுப்போன இலைக்கு மன்னிப்புக் கேட்டாள். சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. வண்டி ஊட்டியிலேயே சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் மழையில் நின்றது. எஸ்டேட்டில் போய்க் கேட்டுப் பார்த்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவளைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றார்கள். சசிகலாதான் தன் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கச் சொன்னாள். ஐந்து மாதம் ஓனரம்மாவாக இருந்தவள் மறுபடியும் ஈரம் படாமல் இடுப்பில் படுதாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கினாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். மூன்றரை மணி இருக்கும். காலையில் பறித்ததைக் கருணாகரன் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நல்ல வேளையாகத் தினேஷ்குமார் கீழ் ரோட்டிலேயே நின்றுகொள்வான், ஏற்றுகிற ஆட்கள்தான் மேலே வருவார்கள். சாயங்காலப் பறிப்பு ஆரம்பித்தபோது அவள் போன் அடித்தது. தினேசு என்று காட்டியது. இரண்டு மாதத்தில் முதல் தடவை. எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுத்துவிட்டாள்.

"அக்கா! அக்கா, நல்லா இருக்கியா? ஒரு அவசரம். வண்டி திக்கித் திக்கி இழுக்குது. மீட்டர்ல ஒரு விளக்கு எரியுது, ஏதோ சொட்டுச் சொட்டா தண்ணி மாதிரி படம். இந்தப் புக்கு இங்கிலீஷ்ல இருக்குதுக்கா. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. ஓட்டலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லு, கருணாகரன் அண்ணன் வேற கூட இருக்காரு."

அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டாம் பக்கம், இரண்டு கோடு போட்டிருந்தாள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் டேங்குக்குள் வேர்த்து இறங்கும் தண்ணீர். அப்படியே ஓட்டினால் என்ஜினுக்கு டீசல் பீய்ச்சுகிற ஊசிகள் எல்லாம் போய்விடும். அவள் வண்டிக்கு ஆனதைவிடப் பெரிய செலவு.

ஒரே ஒரு வார்த்தை. ஒண்ணுமில்லடா, ஓட்டு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கருணாகரன் வண்டி இன்னும் பத்து கிலோமீட்டருக்குள் படுக்கும். ஓட்டினவன் எவன் என்று ஊர் கேட்கும். பிறகு இவனும் அவளைப்போலத் தெருத்தெருவாகப் பல்லைக் காட்டிக்கொண்டு அலைவான். அலையட்டுமே. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் எரிந்த வயிற்றுக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அக்கா? கேக்குதா?"

"எத்தனை கிலோ இருக்குது வண்டியில?" என்றாள்.

"ஆயிரத்தி முந்நூறு. ஏன்?"

அதில் சசிகலாவின் இலையும் இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து நகக்கண் கருக்கக் கருக்க அவளே பறித்த இலை. அந்த நாற்பது வீட்டு இலையும் இருந்தது. அவை குழியில் விழுகிற சத்தத்தை அவள் ஒரு தரம் கேட்டவள்.

அடச் சே, என்ன பிறவி இது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"வண்டியை ஓட்டாதே. என்ஜினை நிறுத்து. பானெட்டைத் தூக்கு. டீசல் ஃபில்டருக்கு அடியில ஒரு திருகாணி இருக்கும். அடியில ஒரு பாட்டிலை வெச்சுட்டு அதை லேசாத் திருகு. தண்ணி வரும். சுத்த டீசல் வர்ற வரைக்கும் விடு, அப்புறம் இறுக்கு. மேல ஒரு பட்டன் மாதிரி இருக்கும், அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கி அமுக்கி விடு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு."

போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. உலோகம் உரசுகிற சத்தம், தண்ணீர் சொட்டுகிற சத்தம், அவன் முனகுவது எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் செடி நடுவில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறுக்கினானா, சரியாக இறுக்கினானா என்று அவள் கை தன்னால் முறுக்கிக்கொண்டது. என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. நல்ல சீரான சத்தம். அதைக் கேட்டதும், வெட்கம்கெட்ட மனசு, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கருணாகரன் குரல் கேட்டது. "எங்ஙன கண்டுபிடிச்சடா நீ?"

"பதினாறு வருச சர்வீஸ் அண்ணா," என்றான் தினேஷ்குமார். "வண்டி சத்தத்தை வெச்சே சொல்லிருவேன். அக்கா போன்ல ஏதேதோ உளறுச்சு, நல்ல வேளை நான் கேக்கலை."

இருவரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் போன் கட் ஆகிவிட்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வரிசை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்த சசிகலா எட்டிப் பார்த்தாள். "யாருக்கா? உன் தம்பியா? என்னவாம்?"

"வண்டி வழியில நின்னுபோச்சாம்."

"அய்யோ கடவுளே, நம்ம இலை?"

"போய்ச் சேர்ந்துரும்," என்றாள் அம்சவேணி, குனிந்து அடுத்த செடியைப் பிடித்துக்கொண்டே. "டிரைவர் கெட்டிக்காரன்."